திண்டுக்கல்லில் தயாரான குதிரைப்படை: மூன்றரை நாளில் சென்னை வாசலுக்கு வந்த ஹைதர் அலி யார்?

2021 மார்ச் மாதம் இந்தியப் பாதுகாப்பு அமைச்சகம் மஹிந்திரா டிஃபென்ஸ் நிறுவனத்தோடு ஓர் ஒப்பந்தம் போட்டது. ராணுவத்துக்கு 1,300 இலகு ரகக் கவச வாகனங்கள், மதிப்பு 1,056 கோடி ரூபாய். பார்ப்பதற்கு முரட்டு ஜீப் மாதிரிதான் இருக்கும். சாதாரணத் துப்பாக்கிக் குண்டுகளைத் தாங்கும், பீரங்கிக் குண்டு விழுந்தால் தாங்காது. மேலே இயந்திரத் துப்பாக்கியோ, டாங்கியை அடிக்கும் ஏவுகணையோ பொருத்திக்கொள்ளலாம்.

ஆவடியில் தயாராகும் அர்ஜுன் மார்க் 1ஏ டாங்கியின் எடை சுமார் 68 டன். அதோடு ஒப்பிட்டால் இதெல்லாம் ஒரு பொம்மை வண்டி. அப்புறம் எதற்கு இது?

எதிரி எங்கே இருக்கிறான், எத்தனை பேர், எந்தப் பக்கம் நகர்கிறான் என்று பார்த்துவிட்டு உயிரோடு திரும்பி வர வேண்டியவர்களுக்கு இது. யாரும் எதிர்பார்க்காத இடத்தில் போய் அடித்துவிட்டு, எதிரி திரும்பிப் பார்ப்பதற்குள் காணாமல் போக வேண்டிய சிறப்புப் படையினருக்கும் இது. இவர்களுக்குக் கவசத்தைவிட வேகம் முக்கியம், அந்த வேகத்தைவிடத் தகவல் முக்கியம்.

இந்த யோசனை எஞ்சின் வந்த பிறகு பிறந்தது இல்லை. 250 வருஷத்துக்கு முன்பே இதைக் குதிரையை வைத்துச் செய்து காட்டிய ஒருவர் இருந்தார். அவர் படை நடத்தக் கற்றுக்கொண்டது, பணம் சேர்த்தது, முதன்முதலாகச் சொந்தமாக ஒரு ஆயுதசாலை அமைத்தது எல்லாம் நம் திண்டுக்கல்லில்தான். திண்டுக்கல் என்றால் பூட்டும் பிரியாணியும்தான் நமக்கு ஞாபகம் வரும். மைசூரின் ஹைதர் அலிக்கு அது வேறு மாதிரி ஊர்.

யார் இந்த ஹைதர் அலி?

1720-ஐ ஒட்டி, இன்றைய கர்நாடகாவின் கோலார் பக்கம் பூதிக்கோட்டையில் பிறந்தவர். அப்பா ஃபதே முகமது, ஆற்காடு நவாபிடம் கொஞ்ச காலம், பிறகு சிரா அதிகாரிகளிடம் என்று படை வேலை பார்த்தவர். ஹைதர் சிறுவனாக இருந்தபோதே அப்பா போரில் இறந்துபோனார். குடும்பத்துக்கு மிஞ்சியது கடன்தான்.

தொட்டபல்லாபூரின் ஜாகீர்தார் அப்பாஸ் குலி கான், அந்தக் குடும்பத்திடம் பணம் பிடுங்குவதற்காக ஹைதரையும் அவர் அண்ணன் ஷாபாஸையும் பிடித்துச் சித்திரவதை செய்தார். சின்னப் பையன்களைப் பெரிய நகரா மேளத்துக்குள் திணித்து வதைத்தார்கள் என்று மைசூர் வரலாறு எழுதிய ஆங்கில அதிகாரி மார்க் வில்க்ஸ் பதிவு செய்கிறார். இந்த அப்பாஸ் குலி கான் பெயரை ஞாபகம் வைத்துக்கொள்ளுங்கள், கதையில் அவர் இன்னொரு முறை வருவார்.

அண்ணன் மைசூர்ப் படையில் சேர்ந்தார். தம்பி ரொம்ப நாள் எந்த வேலையிலும் நிலைக்காமல் வேட்டையும் ஊர் சுற்றலுமாக இருந்தார். முப்பதை நெருங்கும் வயதில், 1749-ல் தேவனஹள்ளி முற்றுகையில்தான் முதன்முதலாகக் கவனிக்கப்பட்டார். மைசூரில் அப்போது ராஜா பெயருக்குத்தான், அதிகாரம் எல்லாம் தளவாய் குடும்பத்து நஞ்சராஜாவின் கையில். அவர் ஹைதரின் துணிச்சலைப் பார்த்து, 50 குதிரை வீரர்களையும் 200 காலாட்களையும் கொடுத்தார்.

ஹைதருக்கு எழுதப் படிக்கத் தெரியாது. கடைசி வரைக்கும் தெரியாது. ஆனால் ஒருமுறை கேட்டதை மறக்க மாட்டார்.

திருச்சியில் கிடைத்த பாடம்

1750 டிசம்பரில் செஞ்சி அருகே ஹைதராபாத் நிஜாம் நாசிர் ஜங் சொந்த ஆட்களாலேயே கொல்லப்பட்டார். அந்தக் களேபரத்தில் பொற்காசு சுமந்த ஒட்டகங்கள் சிலவற்றை ஹைதரின் ஆட்கள் ஓட்டிக்கொண்டு வந்துவிட்டார்கள். கூடவே குதிரைகளும் துப்பாக்கிகளும். அந்தப் பணம்தான் அவருடைய முதல் முதலீடு.

அடுத்தடுத்த வருஷங்களில் திருச்சியைச் சுற்றி ஆங்கிலேயர், பிரெஞ்சுக்காரர், நவாப், மைசூர் என்று எல்லோரும் அடித்துக்கொண்டார்கள். ஹைதர் அங்கே இரண்டு விஷயங்களை உற்றுப் பார்த்தார். ஒன்று, ஐரோப்பியக் காலாட்படையின் ஒழுங்கு. வரிசை கலையாமல் நின்று சுடும் அந்தப் படையை நேருக்கு நேர் முட்டினால் குதிரைப்படை சிதறிப்போகும். இரண்டாவது, அந்தப் படையின் பலவீனம். அதற்கு அரிசி வேண்டும், பீரங்கி இழுக்க மாடு வேண்டும், மருந்து மூட்டை வேண்டும். மாடு நடக்கும் வேகம்தான் மொத்தப் படையின் வேகம். மாட்டை ஓட்டிவிட்டால் படையே நின்றுவிடும்.

பின்னாளில் அவர் செய்த எல்லாப் போரிலும் இந்த இரண்டு கணக்குதான் ஓடும்.

ஏன் திண்டுக்கல்?

திருச்சியைப் பிடிக்க முடியாமல் மைசூர்ப் படை 1755-ல் திரும்பியது. கஜானா காலி. திண்டுக்கல் சீமையோ 1740-களிலிருந்தே மைசூரின் கையில் இருந்தாலும், பழனி, விருப்பாச்சி போன்ற பாளையக்காரர்கள் கப்பம் கட்ட மறுத்துக்கொண்டிருந்தார்கள். அவர்களை அடக்க ஹைதர் திண்டுக்கல் பௌஜ்தாராக அனுப்பப்பட்டார். பௌஜ்தார் என்றால் ராணுவமும் வரிவசூலும் சேர்ந்து ஒரே கையில் இருக்கும் பதவி.

வரைபடத்தை எடுத்துப் பாருங்கள். மேற்கே பழனி மலை, கிழக்கே சிறுமலை, நடுவே திறந்த வறண்ட சமவெளி. வடக்கே போனால் திருச்சி, தெற்கே மதுரை, வடமேற்கே கொங்கு நாடு வழியாக மைசூர். நடுவில் தலையணை மாதிரி ஒற்றைப் பாறை, அதன்மேல் 1605-ல் மதுரை நாயக்கர் முத்துகிருஷ்ணப்பர் கட்டத் தொடங்கிய கோட்டை. சமவெளியில் கிளம்பும் தூசியை வைத்தே யார் வருகிறார்கள் என்று மேலே இருப்பவருக்குத் தெரிந்துவிடும். குதிரைப்படை வைத்திருப்பவருக்கு இதைவிடத் தோதான இடம் கிடைப்பது கஷ்டம்.

அங்கே அவர் செய்த முக்கியமான காரியம், திருச்சி, புதுச்சேரி பக்கமிருந்து கைதேர்ந்த வேலைக்காரர்களை வரவழைத்து, பிரெஞ்சு நிபுணர்களின் மேற்பார்வையில் பீரங்கி, வெடிமருந்து தயாரிக்கும் பட்டறையை நிறுவியது. மைசூரின் பிற்காலப் படைத் தொழில்நுட்பத்துக்குத் தொடக்கப் புள்ளி என்று இதைச் சொல்லலாம்.

இன்னொரு பக்கம், அவருடைய இலகுக் குதிரைப்படை. இதில் இருந்தவர்கள் பெரும்பாலும் சொந்தக் குதிரை வைத்திருப்பவர்கள். கூடாரம் கிடையாது, சமையல் வண்டி கிடையாது. ஒருவர் சுமப்பது அவருடைய ஆயுதம், கொஞ்சம் தானியம், குதிரைக்குக் கொள்ளு, அவ்வளவுதான். கொள்ளையில் பாதி வீரருக்கு, பாதி ஹைதருக்கு. இதற்கென்று தனியாகக் கணக்கப்பிள்ளைகள் இருந்தார்கள். பாளையங்களின் ஆடு மாடு, பெண்களின் நகை, கோயில் நகரங்களின் செல்வம் எதுவும் தப்பவில்லை. சம்பளத்துக்குக் கஜானாவை எதிர்பார்க்காத படை எங்கே வேண்டுமானாலும் போகும். அதற்கான விலையை யார் கொடுத்தார்கள் என்பதையும் சேர்த்தேதான் இந்தப் படையின் வேகத்தைப் பார்க்க வேண்டும்.

மஞ்சள் கட்டுப் போட்ட 700 பேர்

திண்டுக்கல் காலத்து ஹைதரைப் புரிந்துகொள்ள வில்க்ஸ் சொல்லும் ஒரு சம்பவம் போதும். பாளையக்காரர்களோடு நடந்த சண்டையில் காயம்பட்டவர்களுக்கு உதவித்தொகை கொடுக்க நஞ்சராஜா ஓர் அதிகாரியை அனுப்பினார். உண்மையில் காயம்பட்டவர்கள் அறுபத்துச் சொச்சம் பேர். ஹைதர் என்ன செய்தார் தெரியுமா? சுமார் 700 பேருக்குக் கை கால்களில் மஞ்சளில் நனைத்த துணியைக் கட்டிப் படுக்க வைத்துவிட்டார். வந்த அதிகாரி பார்த்து இரக்கப்பட்டு எல்லோருக்கும் பணம் கொடுத்தார். நிஜமாகவே காயம்பட்டவர்களுக்கு அதில் ஒரு பகுதி போனது, மிச்சம் ஹைதருக்கு.

படையை எண்ண வந்தபோது வேறொரு வித்தை. ஒருமுறை எண்ணப்பட்ட ஆட்கள் பின்பக்கமாகச் சுற்றி வந்து மறுபடி வரிசையில் நின்றார்கள். பத்தாயிரம் பேர் பதினெட்டாயிரமாகக் கணக்கில் ஏறியது. ஸ்ரீரங்கப்பட்டணத்தில் இந்தக் கணக்கையெல்லாம் ஒப்புதல் வாங்கிக் கொடுத்தவர் ஹைதரின் கணக்கர் கண்டே ராவ். அந்தப் பணத்தில் நிஜமாகவே படை பெருத்தது.

எல்லாமே வெற்றிதான் என்று நினைக்க வேண்டாம். 1757-ல் ஹைதர் மதுரைச் சீமைக்குள் புகுந்து சோழவந்தான் வரை போனார். எதிரே வந்தவர் கம்பெனியின் தளபதி யூசுப் கான், அதாவது மருதநாயகம். ஆமாம், கமல்ஹாசன் படமாக எடுக்க ஆரம்பித்து நின்றுபோன அதே மருதநாயகம்தான். நத்தம் கணவாய் வாயிலில் ஹைதருக்குப் பலத்த அடி. இரண்டு பக்கமும் காடும் மலையும் நெருக்கும் இடத்தில், விலகி ஓட வழியில்லாமல் இலகுப் படை மாட்டினால் என்ன ஆகும் என்பதற்கு அது ஒரு பாடம். இன்றைய இலகுக் கவச வாகனங்களுக்கும் குறுகிய சாலைதான் ஆபத்தான இடம்.

அரண்மனையிலிருந்து ஓடிய இரவு

சம்பளம் கிடைக்காமல் மைசூர்ப் படை கலகம் செய்தபோது, பாக்கியைத் தீர்த்து வைத்து ஹைதர் ஆட்களைத் தன் பக்கம் இழுத்தார். 1759-ல் மராத்தியர்களைச் சமாளித்தார். நஞ்சராஜா ஓரங்கட்டப்பட்டார். ஆனால் 1760 ஆகஸ்டில், கூடவே இருந்த கண்டே ராவ் அரண்மனைத் தரப்போடு சேர்ந்துகொண்டு, ஸ்ரீரங்கப்பட்டணம் கோட்டையிலிருந்து ஹைதரின் முகாமை நோக்கிப் பீரங்கியைத் திருப்பினார். அன்று இரவே குடும்பத்தையும், சிறுவனான மகன் திப்புவையும் விட்டுவிட்டு, சில குதிரை வீரர்களோடு காவிரியைக் கடந்து ஹைதர் தப்பினார். பெங்களூர் கோட்டை அவர் பக்கம் நின்றதால் பிழைத்தார்.

அடுத்த வருஷமே திரும்பி வந்தார். 1761-ல் மைசூர் அவர் கைக்கு வந்தது. உடையார் ராஜா பெயருக்குச் சிம்மாசனத்தில் இருந்தார். கண்டே ராவ் கூண்டில் அடைக்கப்பட்டு, கிளிக்குக் கொடுப்பதுபோலப் பாலும் சோறும் கொடுத்து வைக்கப்பட்டார் என்பது பல நூல்களில் வரும் கதை. 1763-ல் பெத்னூர், 1766-ல் மலபார் என்று ராஜ்யம் அரபிக்கடல் வரைக்கும் விரிந்தது.

மூன்றரை நாளில் என்ன நடந்தது?

1767-ல் ஆங்கிலேயரோடு முதல் மைசூர்ப் போர் தொடங்கியது. செங்கம், திருவண்ணாமலை என்று நேருக்கு நேர் நடந்த சண்டைகளில் கர்னல் ஸ்மித்தின் படைதான் மேலோங்கியது. திண்டுக்கல்லே கொஞ்ச காலம் ஆங்கிலேயர் கையில் இருந்து, 1768-ல் ஹைதரிடம் திரும்பியது. சண்டையில் ஜெயித்தாலும் ஸ்மித்தால் போரை முடிக்க முடியவில்லை. அவரிடம் துரத்திப் பிடிக்கக் குதிரைப்படை இல்லை. ஹைதர் எங்கே இருக்கிறார் என்பதே தெரியாது. அங்கே என்று கிளம்பினால் அவர் இங்கே இருப்பார்.

1769 மார்ச்சில் ஹைதர் ஸ்மித்தின் படையைத் தெற்கே விழுப்புரம் பக்கமாக இழுத்துக்கொண்டு போனார். பிறகு தன் முக்கியப் படை, பீரங்கிகள், மூட்டை முடிச்சு எல்லாவற்றையும் கணவாய் வழியாக மைசூருக்குத் திருப்பி அனுப்பிவிட்டார். தன்னோடு வைத்துக்கொண்டது தேர்ந்தெடுத்த 6,000 குதிரை வீரர்கள், சுமார் 200 காலாட்கள். ஒரு பீரங்கிகூட இல்லை.

மூன்றரை நாளில் சுமார் 210 கிலோமீட்டர். சென்னைப்பட்டணத்து ஆங்கிலேயர்கள் கண் விழித்துப் பார்த்தபோது, ஹைதர் அலி பரங்கிமலையில் இருந்தார்.

யோசித்துப் பார்த்தால், அந்தப் படையால் செயின்ட் ஜார்ஜ் கோட்டையை எடுத்திருக்க முடியாது. மதில் உடைக்கப் பீரங்கி வேண்டும், அது அவரிடம் இல்லை. இது ஹைதருக்கும் தெரியும். ஆனால் கோட்டைக்கு வெளியே இருந்த தோட்ட வீடுகள், கிடங்குகள், கறுப்பர் நகரம் எல்லாம் வேலி இல்லாத வயல். கம்பெனிப் படை எங்கோ தெற்கே. கவுன்சில் பயந்துபோய், ஸ்மித்தை நெருங்க வேண்டாம் என்று உத்தரவு அனுப்பியது. ஹைதர் கேட்டபடி பேச்சுவார்த்தை நடந்து, ஏப்ரல் தொடக்கத்தில் ஒப்பந்தம் கையெழுத்தானது. பிடித்த இடங்களை இருவரும் திருப்பித் தருவது, ஒருவரை வேறு யாராவது தாக்கினால் மற்றவர் உதவிக்கு வருவது. கம்பெனியைத் தன் நிபந்தனைக்கு இறங்கி வரவைத்த இந்திய ஆட்சியாளர்கள் மிகக் குறைவு. அதை அவர் ஒரு கோட்டையைக்கூட இடிக்காமல் செய்தார்.

இப்போது அப்பாஸ் குலி கான். ஹைதர் வளர்ந்து தொட்டபல்லாபூரைப் பிடித்ததும் ஓடிப்போய்ச் சென்னையில் அடைக்கலம் புகுந்திருந்தார் அவர். பரங்கிமலையில் ஹைதர் என்று கேள்விப்பட்டதும் ஓர் ஓட்டைப் படகில் ஏறிக் கடலுக்குள் போய்விட்டாராம். ஹைதர் மலையேறி மைசூருக்குள் போய்ச் சேரும் வரை கரைக்கு வரவே இல்லை என்கிறார் வில்க்ஸ்.

வேவு தகவல் எப்படி வந்தது?

வேகம் மட்டும் இருந்து, எதிரி எங்கே என்று தெரியாவிட்டால் அது குருட்டு வேகம். ஹைதரின் நிஜமான பலம் அவருடைய ஹர்காராக்கள். ஒற்றரும் தபால்காரரும் சேர்ந்த ஆட்கள். ஹைதர் தாடி, மீசை, புருவம்கூட வைத்துக்கொள்ள மாட்டார். காலையில் சவரம் நடந்துகொண்டிருக்கும்போதே ஒற்றர்களின் தகவலைக் கேட்டு முடித்துவிடுவார் என்று அவரிடம் வேலை பார்த்த பிரெஞ்சு அதிகாரி ஒருவர் எழுதியிருக்கிறார்.

1779-ல் ஆங்கிலேயரின் தூதராக ஸ்ரீரங்கப்பட்டணம் போனவர், தஞ்சை, திருச்சி மக்களுக்கு நன்றாகத் தெரிந்த ஸ்வார்ட்ஸ் பாதிரியார். தமிழ் தெரிந்த ஜெர்மானியர். அவர் பார்த்தது இது: ஹைதர் ஒருவரைக் கூப்பிட்டுக் கடிதம் சொல்லி எழுத வைப்பார், படிக்கச் சொல்லிக் கேட்பார். அப்புறம் வேறொருவரைக் கூப்பிட்டு அதே கடிதத்தைப் படிக்கச் சொல்வார். சொன்னதற்கும் எழுதியதற்கும் ஒரு வார்த்தை மாறினால் எழுதியவர் கதி அதோகதி. படிக்கத் தெரியாத மனிதர் இரண்டு பேரைத் தனித்தனியாகக் கேட்டுச் சரிபார்க்கிறார். இன்றைக்கு ராணுவ உளவுப் பிரிவில் சேரும் ஆளுக்கு முதல் நாள் சொல்லித்தருவதும் இதுதான்.

விருப்பாச்சியில் ஒரு ராணி

திண்டுக்கல்லுக்கு ஹைதர் கதையில் இன்னொரு பங்கும் உண்டு. 1772-ல் காளையார்கோவிலில் சிவகங்கை மன்னர் முத்துவடுகநாதரை நவாப்–ஆங்கிலேயப் படை கொன்றது. ராணி வேலு நாச்சியார், பிரதானி தாண்டவராய பிள்ளை, மருது சகோதரர்கள் மைசூர் எல்லைக்குள் வந்து அடைக்கலம் கேட்டார்கள். தங்கிய இடம் விருப்பாச்சி, பாதுகாத்தவர் கோபால் நாயக்கர். ஒரு காலத்தில் ஹைதர் அடக்கிய அதே பாளையம். வேலு நாச்சியார் ஹைதரிடம் உருதுவிலேயே பேசினார் என்பது இங்கே சின்னப் பிள்ளைக்கும் தெரிந்த கதை. எட்டு வருஷம் போல அந்தப் பகுதியில் இருந்துவிட்டு, ஹைதர் கொடுத்த படை உதவியோடு 1780-ல் அவர் சிவகங்கையை மீட்டார்.

ஹைதர் இதை வெறும் இரக்கத்தில் செய்தார் என்று சொல்ல முடியாது. நவாபுக்குத் தெற்கே ஒரு தலைவலி இருப்பது அவருக்கு லாபம். இருந்தாலும், கணவனை இழந்து ராஜ்யமும் போன ஒரு பெண்ணுக்கு அன்று வேறு எந்த ஆட்சியாளரும் கதவைத் திறக்கவில்லை.

1780: ஊர்களை எரித்த வேகம்

1769 ஒப்பந்தத்தில் ஆங்கிலேயர் சொன்ன வாக்கு காற்றோடு போனது. 1771-ல் மராத்தியர் ஹைதரை மோசமாகத் தோற்கடித்தபோது அவர்கள் உதவிக்கு வரவில்லை. 1779-ல் ஹைதருக்குச் சரக்கு வந்து இறங்கிய பிரெஞ்சுத் துறைமுகமான மாஹேயையும் பிடித்தார்கள். 1780 ஜூலையில் ஹைதர் பெரும்படையோடு செங்கம் கணவாய் வழியே இறங்கினார்.

செப்டம்பர் 10 அன்று காஞ்சிபுரம் பக்கம் புள்ளலூரில் கர்னல் பெய்லியின் படை சுற்றி வளைக்கப்பட்டது. மைசூர்ப் படையிடம் அப்போது இரும்புக் குழாயில் மருந்து அடைத்து மூங்கிலில் கட்டிய ராக்கெட்டுகள் இருந்தன. ஒரு வீரர் தூக்கிக்கொண்டு ஓடலாம், வண்டி வேண்டாம், மாடு வேண்டாம், ஒன்று இரண்டு கிலோமீட்டர் போகும். ஆங்கிலேயரின் வெடிமருந்து வண்டிகள் தீப்பிடித்து வெடித்ததும் அணி உடைந்தது, பெய்லி சிறைப்பட்டார். சில மைல் தள்ளிக் காஞ்சியில் இருந்த ஜெனரல் மன்றோ, கனமான பீரங்கிகளைக் கோயில் குளத்தில் தள்ளிவிட்டுச் சென்னைக்குப் பின்வாங்கினார். கம்பெனி இந்தியாவில் அதுவரை சந்தித்த தோல்விகளிலேயே மோசமானது இது. (இந்த மைசூர் ராக்கெட் படையைச் சித்தரிக்கும் ஓவியம் ஒன்றை 1960-களில் அமெரிக்காவின் நாசா மையத்தில் பார்த்து நெகிழ்ந்ததை நம் அப்துல் கலாம் தன் சுயசரிதையில் எழுதியிருக்கிறார்.)

இதோடு நிறுத்தினால் கதை வீரக்கதையாகிவிடும். நிறுத்த முடியாது.

ஆங்கிலேயரைப் பட்டினி போடுவதற்காகச் சென்னையைச் சுற்றியும் வட ஆற்காடு, தென் ஆற்காடு பக்கமும் ஊர்களை ஹைதரின் குதிரைப்படை எரித்தது. தானியத்தைக் கொளுத்தியது, கால்நடையை ஓட்டிக்கொண்டு போனது, ஆட்களைப் பிடித்து மைசூருக்கு அனுப்பியது. 1781-ல் தஞ்சை டெல்டாவுக்கும் அது வந்தது. ஏரிக் கரைகளும் வாய்க்கால்களும் பாழானால் அடுத்த போகமும் இல்லை. சென்னை 1782-ல் பஞ்சத்தில் விழுந்தது. போர் ஹைதருக்கும் கம்பெனிக்கும். செத்தது பெரும்பாலும் தமிழ் விவசாயி. அந்தக் காலத்தை ஊர்ப்பக்கம் ஹைதர் கலாபம் என்று தலைமுறை தலைமுறையாகப் பேசினார்கள். திண்டுக்கல் பாளையங்களில் இருபத்தைந்து வருஷத்துக்கு முன் சின்ன அளவில் பழகியது, இப்போது ஒரு நாட்டையே தின்றது.

ராணுவ ரீதியில் அந்த உத்தி வேலையும் செய்தது. ஜெனரல் அயர் கூட் 1781 ஜூலை 1 அன்று பரங்கிப்பேட்டையில் ஹைதரைத் தோற்கடித்தார், பிறகு சோளிங்கரிலும். ஆனால் ஒவ்வொரு வெற்றிக்குப் பிறகும் அரிசிக்கும் மாட்டுக்கும் அலைந்து நின்ற இடத்திலேயே நின்றார். சுற்றிலும் ஹைதரின் குதிரைகள். மறுபக்கம், ஒழுங்கான காலாட்படை அணிவகுத்து நின்ற இடத்தில் ஹைதரின் குதிரைகளாலும் ஒன்றும் செய்ய முடியவில்லை. இலகுப் படையின் வரம்பு அது. அதனால் எதிரியை முடக்க முடியும், முடிக்க முடியாது. இன்றும் எந்த ராணுவமும் இலகுக் கவச வாகனத்தை டாங்கிக்கு எதிரே நிறுத்துவதில்லை.

பெட்டியில் போன உடல்

போர் முடிவதைப் பார்க்க ஹைதருக்கு ஆயுள் இல்லை. முதுகில் ராஜபிளவை வந்து, 1782 டிசம்பர் முதல் வாரத்தில், சித்தூர் அருகே நரசிங்கராயன்பேட்டை முகாமில் இறந்தார். திப்பு அப்போது மலபாரில். செய்தி கசிந்தால் படை சிதறிவிடும். அமைச்சர்கள் மரணத்தை மறைத்தார்கள். வாசனைத் திரவியங்கள் நிரப்பிய பெட்டியில் உடலை வைத்து, கஜானாப் பெட்டி போலக் காவலோடு கோலாருக்கு அனுப்பினார்கள். ஒட்டகத்தில் பறந்த தூதர்கள் நான்கைந்து நாளில் திப்புவிடம் செய்தியைச் சேர்த்தார்கள். திப்பு வந்து சேர்ந்து பொறுப்பேற்கும் வரை முகாமில் அன்றாட வேலைகள் வழக்கம்போல நடந்தன. உடல் பிறகு ஸ்ரீரங்கப்பட்டணம் கும்பஸுக்கு மாற்றப்பட்டது.

திண்டுக்கல்லை 1783-ல் ஆங்கிலேயர் பிடித்தார்கள், 1784 மங்களூர் ஒப்பந்தப்படி திப்புவிடம் திருப்பிக் கொடுத்தார்கள், 1790-ல் கர்னல் ஜேம்ஸ் ஸ்டூவர்ட் மறுபடியும் பிடித்தார். 1792 ஸ்ரீரங்கப்பட்டண ஒப்பந்தத்தில் திண்டுக்கல் சீமை நிரந்தரமாகக் கம்பெனிக்குப் போனது.

1799-ல் திப்பு வீழ்ந்த பிறகு கலைக்கப்பட்ட குதிரை வீரர்களில் பலர், உடையார் அரசின் சில்லாதார் குதிரைப்படையில் சேர்ந்தார்கள். மைசூர் லான்சர்ஸ் அந்த வழியில் வந்தது. 1918-ல் ஹைஃபாவைப் பிடித்த படைகளில் அதுவும் ஒன்று. சுதந்திரத்துக்குப் பிறகு 61-வது கேவல்ரியில் கலந்தது. இந்திய ராணுவத்தின் கவசப் படைப்பிரிவுகள் பலவற்றின் பெயரில் இன்றும் ஹார்ஸ், லான்சர்ஸ், கேவல்ரி என்றுதான் இருக்கும். டாங்கி ஓட்டும் சிப்பாயின் பதவிப் பெயர் இன்றும் சவார், அதாவது குதிரை ஏறுபவர்.

திண்டுக்கல்லில் ஹைதர் காலத்துத் தடயம் பார்க்க வேண்டும் என்றால் இரண்டு இடம் போதும். ஒன்று மலைக்கோட்டை, தொல்லியல் துறையின் பராமரிப்பில் இருக்கிறது. மேலே ஏறினால் பீரங்கி மேடைகளும் மருந்துக் கிடங்கும் தெரியும், சாயங்காலம் போனால் வெயில் தெரியாது. இன்னொன்று பேகம்பூர் பெரிய பள்ளிவாசல். அங்கே அடக்கமாகியிருக்கும் அமீருன்னிசா பேகத்தை ஹைதரின் தங்கை என்று ஒரு தரப்பும் மனைவி என்று இன்னொரு தரப்பும் சொல்வார்கள். அந்தப் பகுதிக்கே பேகம்பூர் என்று பெயர் வந்தது அவரால்தான்.